சீனியர் எங்கள் பெட்டியில் ஏறிய நாள்

எங்கள் ஊரில் வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிறவர். நான் வக்கீல்தான், ஆனால் கோர்ட்டுக்குப் போவதில்லை. இதைத் தங்கவயலில் ஒருவருக்கும் புரியவைக்க முடியாமலேயே எனக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. கல்யாண வீட்டில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள், “வக்கீலுக்குப் படிச்சிட்டு பெங்களூருல ஆபீஸ் வேலை பாக்கறாங்கோ” என்பார்கள். படித்தும் பயனில்லாமல் போயிற்றே என்ற அனுதாபம் அந்தக் குரலில் இருக்கும்.

கோர்ட்டுக்குப் போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. சட்டம் முடித்த புதிதில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். அவர் வராத நாட்களில் எழுந்து நின்று வாய்தா கேட்பது என் வேலை. அவர் வருகிற நாட்களே குறைவு என்பதால் எனக்கு அதில் நல்ல தேர்ச்சி ஏற்பட்டது. காய்ச்சல், உறவினர் மரணம், சாட்சி ஊரில் இல்லை என்ற காரணங்களை முறை வைத்துப் பயன்படுத்தினேன். ஒரே மாமாவை இரண்டு தடவை சாகடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதன்முதலில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். அந்த வக்கீலை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

எழுந்து நின்று பேசுவதைவிட உட்கார்ந்து படிப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. பழைய கிரயப் பத்திரங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, நடுவில் எந்தத் தம்பி கையெழுத்துப் போடாமல் நழுவினான் என்று தேடுவது எனக்குப் பிடித்திருந்தது. பெங்களூரில் அதையே தொழிலாகச் செய்யும் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்துக்கு, கன்னடமும் தமிழும் பழைய கையெழுத்தும் படிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்த அலுவலகத்தில் என் முன்னேற்றத்தை மேசைகளை வைத்தே சொல்லிவிடலாம். முதல் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில். கோடையில் அங்கே இட்லி வைத்தால் வெந்துவிடும். அடுத்தது ஜன்னலோரம், ஜன்னல் திறக்காது. அதற்கடுத்தது கதவு வைத்த அறை, கதவு மூடாது. இதற்கு மேல் பங்குதாரர்களின் அறைதான் பாக்கி.

பங்குதாரர்கள் இருவர். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். அண்ணன் கோர்ட் வழக்குகளைப் பார்ப்பார். அவரை எல்லோரும் சீனியர் என்போம். தம்பி அலுவலகத்தையும் கட்சிக்காரர்களையும் கவனிப்பார். அவர் சின்னவர். மூன்றாவதாக ஒருவரைப் பங்குதாரராகச் சேர்ப்பது என்று இருவரும் முடிவுசெய்தபோது, இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று என் பெயர். மற்றது, அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு இளைஞருடையது. கெட்டிக்காரப் பையன். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பான், அவ்வளவுதான்.

எனக்குக் குறுக்கே நின்றது ஒரு விதி. பங்குதாரர் என்பவர், கூப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். நான் இருப்பதோ தங்கவயலில். என் கணவரின் பள்ளிக்கூட வேலை, மாமியாரின் முழங்கால், நாங்கள் கட்டிய வீடு எல்லாம் இங்கே. அதிகாலை ரயிலில் போய் இருட்டும் நேரத்து ரயிலில் திரும்புகிறேன். பெங்களூருக்குக் குடிவந்துவிடுங்களேன் என்று சீனியர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“தினமும் ரயிலில் இவ்வளவு நேரம் வீணாகிறதே” என்றார் ஒரு நாள்.

“வீணாகவில்லை சார். என் வேலையில் பாதி ரயிலில்தான் நடக்கிறது” என்றேன்.

அது உண்மை. கட்சிக்காரர் பெயர் வெளியே தெரியாதபடி பழுப்பு அட்டைக்குள் நகல்களை வைத்துக்கொண்டு, மாரிகுப்பத்தில் ரயிலேறி உட்கார்ந்தால் பெங்களூரில்தான் நிமிர்வேன். ஆனால் சீனியர் ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காதவர். “வியாழக்கிழமை கோலார் கோர்ட்டில் எனக்கு ஒரு வழக்கு. ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் பங்காருபேட்டையில் உங்கள் ரயிலில் ஏறுகிறேன். பார்த்துவிடலாம்” என்றார். பங்குதாரர் யார் என்று முடிவெடுக்கும் கூட்டம் அதற்கடுத்த திங்கட்கிழமை.

இதை நான் எங்கள் பெட்டியில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

எங்கள் பெட்டி எப்படிப்பட்டது என்று முதலில் எழுதிவிடுகிறேன். மாரிகுப்பத்தில் முதலில் ஏறுகிறவர்கள் சாம்பியன், ஊரிகம் ஸ்டேஷன்களில் ஏறப்போகிறவர்களுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார்கள். கோரமண்டல் வருவதற்குள் சீட்டாட்டம் தொடங்கிவிடும். அவரைக்காய்க் காலத்தில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக் காய் உரிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்க வேண்டுமே. ஒரு பக்கம் பக்திப் பாட்டு, ஒரு பக்கம் அரசியல், நடுவில் டீ. இந்த இரைச்சலின் மையத்தில் என் இருக்கை.

எனக்கு எதிரே உட்காருபவர் ஒரு அக்கா. ஆயத்த ஆடை ஆலையில் ஒரு தையல் வரிசைக்கு மேற்பார்வையாளர். அறுபது மெஷின் ஓடும் இடத்தில் பேசிப் பழகியவர் என்பதால் அவர் ரகசியம் சொன்னாலும் பக்கத்துப் பெட்டிக்குக் கேட்கும். கதவோரம் நிற்பவர் ஒரு அண்ணன். பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தின் காவலாளிகளுக்குத் தலைவர். அவர் அப்பா சுரங்கத்தில் இருந்தவர்.

“வக்கீலம்மாவுக்கு ப்ரொமோஷன்னா நம்ப பொட்டிக்கே ப்ரொமோஷன்” என்றார் அண்ணன். “அந்த பெரியவரு ஏறும்போது இங்க ஒருத்தரும் மூச்சு உடக் கூடாது. எங்கப்பா சொல்வாரு, சுரங்கத்துல ஆள ஏத்திக்கினு கேஜ் கீழ எறங்கறப்ப எவனும் வாயத் தொறக்க மாட்டானாம். மணிச் சத்தம் கேக்கணும்ல. அந்த மாதிரி இருக்கணும்.”

“அதெல்லாம் வேண்டாம்ணா. எப்போதும்போல இருங்க” என்றேன்.

“எப்பவும்போல இருந்தா உங்களுக்கு எப்பவும்போல அதே வேலதான் கெடைக்கும்” என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை பங்காருபேட்டையில் சீனியர் ஏறினார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. அக்கா முன்கூட்டியே நகர்ந்து அவருக்கு என் எதிரே இடம் விட்டிருந்தார். ரயில் புறப்பட்டது.

என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சீட்டாடுகிறவர்கள் கைகட்டி, நேரே பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் குழுப் படம் எடுக்க உட்கார்ந்தவர்கள்போல இருந்தார்கள். பக்திப் பாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. அக்கா உரித்த ஒவ்வொரு அவரைக்கொட்டையும் முறத்தில் விழும் ஓசை தனித்தனியாகக் கேட்டது. வழக்கமாகத் தண்டவாளம் அதிரக் கூவும் டீக்காரர், ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து, “டீ” என்று மூச்சுக்காற்றாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சீனியர் கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, “யாராவது தவறிவிட்டார்களா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

கதவோரத்திலிருந்து அண்ணன் பதில் சொன்னார். “இல்ல சார். நாங்க தினமும் இப்டிதான்.”

நான் பழுப்பு அட்டையைத் திறந்தேன். தேவனஹள்ளிப் பக்கம் ஒரு நிலம். அதை வாங்கலாமா கூடாதா என்று பதினோரு மணிக்குள் கட்சிக்காரருக்கு எங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். முதல் பத்திரத்தின் முதல் வரியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். மூன்றாவது முறையும் அதே வரியில்தான் இருந்தேன். இத்தனை வருஷமும் அந்த இரைச்சலில் உட்கார்ந்து படித்த எனக்கு, இந்த நிசப்தத்தில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. அவரைக்கொட்டை விழும்போதெல்லாம் திடுக்கிட்டேன். பக்கத்தைப் புரட்டாமல் இருந்தால் சீனியர் கவனித்துவிடுவாரே என்று, படிக்காமலேயே அவ்வப்போது ஒரு தாளைப் புரட்டிவைத்தேன்.

டேக்கல் தாண்டியதும் சீனியரின் கைபேசி அடித்தது. எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தார்போலும். எழுந்து கதவுப் பக்கம் போய் நின்று பேசினார். அழைத்தவர் சின்னவர். பங்குதாரர்கள் இருவரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். அது அவர்கள் வீட்டுப் பாஷை. பெட்டி முழுக்கத் தமிழ் ஆட்கள் என்ற நம்பிக்கையில் அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை. பெட்டியில்தான் ஊசி விழுந்தால் கேட்குமே, ஒரு சொல் விடாமல் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

அவர் சொன்னது இது: “நன்றாக வேலை செய்கிறவர்தான். பத்திரம் பார்க்க இவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் தங்கவயலை விட்டு வரமாட்டார். இந்தத் தடவை அந்தப் பையனுக்கே கொடுத்துவிடுவோம். இவருக்கு அடுத்த வருஷம் என்று சொல்லிவைப்போம். கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கே போய்விடப் போகிறார்?”

நான் தாளைப் பார்த்தபடியே இருந்தேன். அடுத்த வருஷம் என்று சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசியாகக் கேட்டாரே, அந்தக் கேள்விதான் காதைச் சுட்டது.

தங்கவயலைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் பாதியில் தெலுங்குதான் பேச்சு. சந்தையில் கத்திரிக்காய் பேரம் பேசுவதே தெலுங்கில்தான். இது சீனியருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அலுவலகத்தில் நான் ஒரு நாளும் தெலுங்கு பேசியதில்லை. அதற்கு அவசியம் வரவில்லை.

சீனியர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். பெட்டியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் வைத்துவிட்டு, நல்ல தெலுங்கில் கேட்டார். இதற்குப் பிறகு நடந்த பேச்சு தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்து நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

“எங்க பூடுவாங்கன்னு இன்னா சார் அப்டி கேட்டுட்டீங்கோ?”

சீனியர் அப்படியே நின்றார். “உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?”

“எனக்கு மட்டுமா? பொட்டிக்கே தெரியும்.”

“டீக்காரருக்கும் தெரியும் சார்” என்றார் அண்ணன். “இன்னாப்பா, நீக்கு தெலுசா?”

டீக்காரர் அமைதி காக்கும் கட்டளையை இன்னும் மீறாதவராக, சீனியர் காதருகில் குனிந்து, “தெலுசு” என்றார்.

நான் எழுந்தேன். “அக்கா, விடுங்க. சார் தப்பாக நினைப்பார்.”

“நீங்க குந்துங்க. நீங்கதான் கோர்ட்டுல பேசற வக்கீலு இல்லயே” என்றார் அக்கா. நான் உட்கார்ந்துவிட்டேன். சீனியர் என் பக்கம் பார்த்தார். நான் பத்திரத்தின் பக்கம் பார்த்தேன்.

“சார், அரை மணில வரணும்னு ரூல் போட்டுக்கீறீங்களாமே. அப்டி அடிச்சிப் புடிச்சி வந்து இன்னா பண்ணணும்? பத்திரத்துக்கு இன்னா பிரசவ வலியா?” என்றார் அக்கா.

சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முயன்று இருமினார். சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் நின்றவர். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. “அவசரங்கள் வரும்மா. கட்சிக்காரர் திடீரென்று வந்து நிற்பார். ஒரு பங்குதாரராவது இருக்க வேண்டாமா?”

“கடைசியா எப்ப வந்தாரு அந்த மாதிரி?”

“போன மாதம்.”

“அப்ப ஆபீஸ்ல யாரு இருந்தாங்க?”

சீனியர் யோசித்தார். நான் யோசிக்க வேண்டியதே இல்லை. அந்தப் பையன் அன்றைக்கு லீவு. சின்னவர் மைசூரில். சீனியரே சொன்னார்.

“இவங்கதான் இருந்தாங்க.”

“நீங்க எங்க சார் இருந்தீங்கோ?” என்றார் அண்ணன்.

“வீட்டிலிருந்து கிளம்பிட்டேன்.”

“கெளம்பிட்டு?”

“ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்னுட்டிருந்தேன்.”

“எவ்ளோ நேரம்?”

சீனியர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “அரை மணிக்கு மேலே” என்றார்.

அதோடு கட்டுப்பாடு உடைந்தது. முதலில் சீட்டாட்டக்காரர்கள், பிறகு கண்மூடியிருந்த பாட்டுக்காரர்கள், பிறகு அந்தக் கோடியில் என்ன நடக்கிறதென்றே தெரியாதவர்கள் என்று பெட்டி முழுக்கச் சிரித்தது. சீனியரும் சிரித்துவிட்டார். “வாங்க சார், ஒக்காருங்க. நிக்க வெச்சி கேட்டுட்டோம்” என்று அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து கிளம்பியதில், வழக்கத்தைவிட இரண்டு பங்கு இரைச்சல். டீக்காரர் நின்ற இடத்திலிருந்தே கூவிய கூவலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கோப்பையிலிருந்து டீ தளும்பியது.

நான் பத்திரத்துக்குத் திரும்பினேன். முதல் வரி உடனே உள்ளே போனது. இரண்டாவது, மூன்றாவது. நாலு தலைமுறையின் கொடுக்கல் வாங்கல் கண்முன் ஓடத் தொடங்கியது. அப்பா இறக்கிறார், மூன்று மகன்கள் பிரித்துக்கொள்கிறார்கள், நடு மகன் விற்கிறான். பென்சிலை எடுத்தேன்.

இடையிடையே காதில் விழுந்ததையும் குறித்துக்கொள்கிறேன். அக்கா சீனியர் மடியில் ஒரு கைப்பிடி அவரைக்காயைப் போட்டு, “வாய் பேசறப்ப கை சும்மா இருக்கக் கூடாது சார்” என்றார். சீனியர் நகத்தால் கிள்ளத் தெரியாமல் காயைக் கடித்துத் திறக்கப் பார்த்தார். “பேடா சார், பேடா” என்று அண்ணன் கன்னடத்தில் தடுத்து, முனையைத் திருகிக் காட்டினார். சீட்டாட்டக்காரர் ஒருவர் தன் மைத்துனனுடன் இருக்கும் சுவர்த் தகராறைச் சொல்லி யோசனை கேட்டார். சீனியர் சொன்ன யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை. “வக்கீலம்மாவக் கேட்டுக்கறேன் சார், பரவால்ல” என்று சொல்லிவிட்டார்.

ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது என் குறிப்பு முடிந்தது. அட்டையோடு சீனியரிடம் நீட்டினேன். பச்சை அவரைக்காய் வாசனை அடிக்கும் விரல்களால் அதை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவர் படிக்கும்போது என் பக்கம் இருந்தவர்கள் அடங்கினார்கள். மற்றவர்கள் அடங்கவில்லை, அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

“ஒரு மகள் இருந்திருக்கிறாளே” என்றார். “அவள் விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் எங்கே?”

“இல்லை சார். எழுதியே இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு வந்த எல்லாப் பத்திரத்திலும் அவளை விட்டுவிட்டுத்தான் வம்சத்தை எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் சொல்லியிருக்கிறேன்.”

அவர் கடைசிப் பத்தியைப் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தார். “இதையெல்லாம் இப்போதா எழுதினீர்கள்? இங்கேயா?”

“மாலூரிலிருந்து.”

“அதற்கு முன்னால்?”

“அதற்கு முன்னால் அமைதியாக இருந்தது சார். ஒன்றும் ஓடவில்லை.”

அவர் அட்டையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவரைக்காய்த் தோல் அதன்மேல் ஒட்டியிருந்தது, தட்டிவிடவில்லை.

“இப்ப இன்னா சார் சொல்றீங்கோ?” என்றார் அக்கா.

“திங்கட்கிழமை கூட்டத்தில் பேசி…”

“திங்கக்கெழம கூட்டத்துல நாங்க இருக்க மாட்டோமே சார். இப்பவே போன் பண்ணுங்க. இங்க டவரு நல்லா எடுக்கும்.”

சீனியர் என்னைப் பார்த்தார். இப்போது நான் பார்வையை விலக்கவில்லை. “சார், நான் ஒன்று சொல்ல வேண்டும்” என்றேன். “நான் தங்கவயலை விட்டு வரமாட்டேன். அந்த விதி இருக்கும்வரை அடுத்த வருஷமும் இதே பேச்சுதான் வரும். அதனால் அடுத்த வருஷம் என்று சொல்லாதீர்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நான் போக வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று அதன் பிறகு தேடிப் பார்த்துக்கொள்கிறேன்.”

இருபது வருஷத்தில் அவர் முன்னால் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசி முடித்ததும் அண்ணன் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

சீனியர் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். இந்த முறை கதவுப் பக்கம் போகவில்லை. அக்காவுக்கும் இரண்டு சீட்டாட்டக்காரர்களுக்கும் நடுவே உட்கார்ந்தபடியே, தெலுங்கிலேயே பேசினார். “முன்னே சொன்னதை விட்டுவிடு. அந்த அரை மணி விதியை எடுத்துவிடலாம். அதன்படி பார்த்தால் முதலில் வெளியே போக வேண்டியவன் நான்தான்… ஆமாம், அவருக்குத்தான்… இந்த வருஷம்தான்… என்ன? சத்தமா? நான் கோர்ட்டில் இருக்கிறேன்.”

சின்னவர் அந்தப் பக்கம் நீளமாக எதையோ பேசினார். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பாட்டுக்காரர்கள் உச்சஸ்தாயியில் இருந்தார்கள். கே.ஆர்.புரத்தில் ஏறிய கூட்டம் தன் பங்குக்கு இரைந்துகொண்டிருந்தது. சீனியர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, “ம்… ம்…” என்றார். பிறகு கைபேசியை அணைத்து, உதட்டை அசைத்தார்.

“இன்னா சார்? கேக்கல” என்றார் அக்கா.

“சரி என்றான்.”

“இன்னாவாம்?” என்றார் கதவோரத்திலிருந்து அண்ணன்.

சீனியர் எழுந்து நின்று, மேலே தொங்கும் பிடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, கோர்ட்டில்கூட நான் கேட்டிராத குரலில் கத்தினார். பெட்டியின் அந்தக் கோடியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரி என்று சொல்லிவிட்டான். இந்த வருஷமே.”